பால்யத்தை எழுதி முடித்தாச்சு, இனி எந்த வழி?

கடந்த ஒரு வருஷமாக என்னிடம் திரும்பத் திரும்ப வருகிற கேள்வி இது: "சின்ன வயசு ஞாபகத்தை எல்லாம் எழுதி வெச்சிருக்கேன், இருநூறு பக்கம் தாண்டிடுச்சு, பதிப்பகத்துக்கு அனுப்பட்டுமா, இல்ல நானே போட்டுடட்டுமா?" கேட்கிறவர்களில் பாதிப் பேர் இன்னும் எழுதவே ஆரம்பிக்கவில்லை என்பது பேச்சுக் கொடுத்த இரண்டாவது நிமிஷமே தெரிந்துவிடும், அது போகட்டும். என் பால்யத்தை எழுதி அச்சில் பார்க்க எனக்கு ஒன்பது வருஷம் ஆனது. எழுத்துக்குப் போனது அதில் மூன்றரை வருஷம். மீதி முழுக்க, எனக்குப் பொருந்தாத வாசலில் நின்றுகொண்டு கதவு ஏன் திறக்கவில்லை என்று வருத்தப்பட்டதில் போனது.

அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதிப்பகமா சொந்தப் பதிப்பா என்பது இரண்டாவது கேள்வி. இந்தப் புத்தகம் யார் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது முதல் கேள்வி. அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் வழி பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும்.

## எதை வைத்து அளப்பது

வாசகர் யார். பேரப்பிள்ளைகளா, கூடப் படித்தவர்களா, உங்கள் பெயரையே கேள்விப்படாத ஒருவரா? "எல்லாரும்தான்" என்று சொன்னால் நீங்கள் இன்னும் யோசிக்கவில்லை என்று அர்த்தம். பெரியப்பாவுக்கு எந்தெந்த வருஷம் எங்கெங்கே மாற்றல் வந்தது என்பது முன்பின் தெரியாத வாசகருக்குத் தேவையே இல்லை, பேத்திக்கோ அதுதான் தேவை. ஒரே பிரதி இந்த இரண்டு பேருக்கும் சரியாக அமைவது அபூர்வம்.

பிடி யார் கையில். தலைப்பு, அட்டை, எந்த அத்தியாயம் போகும், எது வெட்டப்படும், பத்து வருஷம் கழித்து மறுபதிப்பு போடும் உரிமை யாரிடம் இருக்கும்.

காசு. போடுவதும் வருவதும். நடுவில் சொல்லாமல் வந்து நிற்கும் செலவுகளும்.

காலம். உங்களுடையது மட்டும் இல்லை, கதையில் வருகிறவர்களுடையதும். அம்மாவுக்கு எண்பத்தாறு வயது என்றால் இரண்டு வருஷக் காத்திருப்பு என்பது சின்ன விஷயம் இல்லை.

முகத்துக்கு நேரே சொல்லப் போவது யார். "நாலாவது அத்தியாயம் போரடிக்குது" என்று யாராவது ஒருவர் சொல்லியாக வேண்டும். சொந்தக்காரர்கள் சொல்ல மாட்டார்கள். தான் அந்தப் பக்கங்களில் இருக்கிறோமா என்று மட்டும் தேடுவார்கள். செலவுக் கணக்குப் போடுகிற யாரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை, ஆனால் புத்தகம் நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் இங்கேதான்.

## அதற்கும் முன்னால்: நினைவுக்குறிப்பா, நாவலா?

வழியைத் தேடுவதற்கு முன் இதை முடிவு செய்தால் நல்லது, ஏனென்றால் பாதி வேலைக்குப் பிறகு மாற்றுவது நரகம். (நான் ஒரு முறை மாற்றி, திரும்பவும் மாற்றினேன். பதினான்கு மாதம்.)

1852இல், 23 வயதில், ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய் தன் முதல் படைப்பை ஒரு பத்திரிகைக்கு அனுப்பினார். 'குழந்தைப் பருவம்' என்பது அவர் வைத்த தலைப்பு, உள்ளே இருந்தது கற்பனைக் குடும்பம். பத்திரிகையின் ஆசிரியர் நெக்ராசோவ் அதை 'என் குழந்தைப் பருவத்தின் வரலாறு' என்று மாற்றிப் போட்டுவிட்டார். டால்ஸ்டாய்க்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை, என் குழந்தைப் பருவத்தின் வரலாறு யாருக்கு வேண்டும் என்கிற மாதிரி எழுதினார். இரண்டு சொல் சேர்ந்ததும் வாசகருக்கு அவர் கொடுத்த வாக்கே மாறிப்போனது. நாவல் என்றால் "இப்படி நடந்திருக்கலாம்", நினைவுக்குறிப்பு என்றால் "இப்படித்தான் நடந்தது".

அந்த இரண்டாவது வாக்கைக் காப்பாற்றுவது நாம் நினைப்பதை விடக் கஷ்டம். மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தைய சம்பவங்கள் பெரியவர்கள் யாருக்குமே பெரும்பாலும் நினைவில் நிற்பதில்லை. "எனக்கு ரெண்டு வயசு, தொட்டில்ல படுத்திருக்கேன்" என்று ஆரம்பிக்கிற அத்தியாயம் அனேகமாக யாரோ சொல்லிக் கேட்டதுதான். 1995இல் உளவியல் ஆய்வாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜாக்குலின் பிக்ரெலும் 24 பேரிடம் அவர்களுடைய சின்ன வயதுச் சம்பவங்கள் என்று நான்கைக் கொடுத்தார்கள். மூன்று, குடும்பத்தார் சொன்ன நிஜம். ஒன்று, கடை வளாகத்தில் தொலைந்துபோய் அழுத கதை, முழுப் பொய். சுமார் கால்வாசிப் பேர் அந்தப் பொய்யும் தங்களுக்கு முழுதாகவோ அரைகுறையாகவோ ஞாபகம் இருப்பதாகச் சொன்னார்கள்.

என் புத்தகத்தில் மூன்று பக்கம் ஒரு பூனைக்குப் போகிறது. கிணற்றில் விழுந்த பூனையை அண்ணன் வாளியை இறக்கி எடுத்தான். ஈரக் கயிறு அவன் உள்ளங்கையில் இழுத்த சிவப்புக் கோடுகூட எனக்குக் கண்ணில் நிற்கிறது. இதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

உயிரோடு இருக்கிறவர்களைக் காயப்படுத்தாமல் எழுதவே முடியாது, அல்லது நடந்ததில் பாதிக்கு மேல் நினைவில் இல்லை என்றால் நாவல் நல்லது. ஆனால் அதன் மறைமுக விலையையும் பாருங்கள். சித்தப்பா எப்படியும் தன்னைக் கண்டுபிடித்துவிடுவார், வாசகரோ "நிஜமாகவே நடந்தது" என்பதற்காக மன்னிக்கிற தொய்வை நாவலில் மன்னிக்க மாட்டார்.

## வழி 1: பதிப்பகம்

நல்ல பதிப்பகம் உங்களிடம் காசு வாங்காது. பிழை திருத்தம், வடிவமைப்பு, அட்டை, அச்சு, கடைக்குக் கொண்டுபோவது எல்லாம் அவர்கள் செலவு. அச்சுப் புத்தகத்துக்கு ராயல்டி பொதுவாக விலையில் பத்து சதவீதத்தை ஒட்டி இருக்கும். இதை வைத்து வீடு கட்ட முடியாது, ஒரு மேசை வாங்கலாம்.

எடுத்துக்கொள்ளும் காலம்தான் பலரைக் கவிழ்ப்பது. பதில் வர மாதக்கணக்கு ஆகும், பல சமயம் பதிலே வராது. ஒப்புக்கொண்ட பிறகும் புத்தகம் வெளிவர ஒரு வருஷத்துக்கு மேல் ஆவது சகஜம். நான் அனுப்பிய ஓர் இடத்திலிருந்து எட்டு மாதம் கழித்து இரண்டே வரியில் பதில் வந்தது: "நடை நன்றாக இருக்கிறது. ஆனால் உங்களைத் தெரியாத ஒருவர் இதை ஏன் வாங்க வேண்டும்?" ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை நான். இப்போது யோசித்தால், அந்த ஒன்பது வருஷத்தில் எனக்குக் கிடைத்த உருப்படியான விமர்சனம் அதுதான். பிரபலம் இல்லாத ஒருவருடைய பால்யம் பதிப்பகத்துக்குள் நுழைய வேண்டுமென்றால் அது பால்யம் மட்டுமாக இருந்தால் போதாது. மறைந்துபோன ஒரு தொழில், ஒரு நோய், ஒரு இடப்பெயர்வு, பேச்சு வராத ஒரு தம்பி என்று வேறு ஏதோ ஒன்றின் கதையாகவும் அது இருக்க வேண்டும்.

ஒப்பந்தம் வந்ததும் குதிக்காமல் மூன்று இடங்களைப் படியுங்கள். மொழிபெயர்ப்பு, ஒலிநூல், திரைப்பட உரிமைகளையும் சேர்த்து எழுதி வாங்குகிறார்களா? எத்தனை வருஷத்துக்கு? பிரதிகள் தீர்ந்து மறுபதிப்பு போடாவிட்டால் உரிமை உங்களிடம் திரும்புமா? அப்புறம், "ஆசிரியர் இருநூறு பிரதி வாங்கிக்கொள்ள வேண்டும்" என்று ஒரு வரி எங்காவது ஒளிந்திருந்தால் அது பதிப்பகம் இல்லை, கீழே வரும் மூன்றாவது வழி.

## வழி 2: நானே போட்டுக்கொள்வது

மின்னூலும், கேட்டால் கேட்ட ஒரு பிரதியை மட்டும் அச்சடித்து அனுப்பும் முறையும் வந்த பிறகு இது உண்மையிலேயே எளிதாகிவிட்டது. கையிருப்பு வைக்க வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், கோப்பு தயாராக இருந்தால் சில நாளில் விற்பனைக்கு வந்துவிடும்.

பங்கும் கேட்க நன்றாகத்தான் இருக்கும். அமேசானில் குறிப்பிட்ட விலை வரம்புக்குள் இருக்கும் மின்னூலுக்கு 70 சதவீதம், வரம்புக்கு வெளியே 35. அச்சுப் புத்தகத்துக்கு விலையில் 60 சதவீதத்தில் அச்சுச் செலவைக் கழித்தது போக மிச்சம். 2025 ஜூனிலிருந்து விலை குறைந்த புத்தகங்களுக்கு இந்த 60 என்பது 50 ஆகிவிட்டது. பால்யக் கதை எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இதில் இருக்கிறது: 70 சதவீதத் திட்டத்தில் கோப்பின் எடைக்கு ஏற்ப அனுப்பும் கட்டணம் பிடிப்பார்கள். நாற்பது பழைய புகைப்படங்களைச் செருகிய புத்தகம் கனமான கோப்பு, ஒவ்வொரு விற்பனையிலும் அந்தப் படங்கள் கொஞ்சம் கொறித்துக்கொண்டே இருக்கும். இன்னொன்று, மின்னூலுக்கு ஏற்றுக்கொள்ளும் மொழிகள் எல்லாவற்றையும் எல்லாத் தளங்களும் அச்சுக்கு ஏற்பதில்லை. உங்கள் மொழி பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் அட்டைக்கு ஆள் தேடுங்கள்.

ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண், சில நாடுகளில் இலவசம், சில நாடுகளில் விலைக்கு. தளம் இலவசமாகத் தரும் எண்ணை எடுத்துக்கொண்டால் அதே எண்ணோடு வேறு இடத்தில் அச்சடிக்க முடியாது.

வடிவமைப்பை நானே செய்கிறேன் என்று இறங்கினேன். முதல் மாதிரிப் பிரதி வந்தது. வரிகளின் ஓரத்தில் இருந்த எழுத்துகள் எல்லாம் நடு மடிப்புக்குள் போய் ஒளிந்துகொண்டிருந்தன, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திப் பிடித்தால்தான் படிக்க முடிந்தது. பக்கம் கூடக் கூட உள் விளிம்பும் கூட வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. 150 பக்கம் வரை 0.375 அங்குலம் கேட்கும் தளம், 151ஆம் பக்கம் வந்ததும் அரை அங்குலம் கேட்கும். அந்தப் பிரதியிலேயே இன்னொரு கூத்து: வடிவமைப்பு மென்பொருளில் தமிழுக்கான அமைப்பை நான் போடவில்லை, அதனால் இருபது பக்கத்தில் 'கொ', 'போ' எல்லாம் துண்டு துண்டாகக் கிடந்தன.

இவ்வளவையும் சமாளித்தாலும், ஐந்தாவது அளவுகோலில் இந்த வழி சுத்தமாகத் தோற்றுவிடும். உங்களிடம் "வேண்டாம்" என்று சொல்ல யாருமே இல்லை. கையிருப்பு வைக்கும் செலவைச் சேமித்த சந்தோஷத்தில் எடிட்டர் செலவையும் சேமிக்காதீர்கள். அட்டைக்கும் எடிட்டருக்கும் சேர்த்துப் பணம் இல்லை என்றால் எடிட்டருக்குக் கொடுங்கள், அட்டை வெறும் எழுத்தாக இருந்தாலும் பரவாயில்லை.

## வழி 3: காசு வாங்கிக்கொண்டு போட்டுத் தருகிறவர்கள்

"உங்கள் கதை உலகத்துக்குத் தெரிய வேண்டும்" என்று ஆரம்பிக்கும் விளம்பரங்கள். எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. வடிவமைப்பு, அட்டை, அச்சு என்று தனித்தனியாக விலை சொல்லி வேலையை முடித்துக் கொடுக்கிற நேர்மையான ஆட்கள் இருக்கிறார்கள், கணினிப் பக்கமே போகாதவர்களுக்கு அவர்கள் உதவிதான். பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: அவர்கள் வருமானம் வாசகரிடமிருந்து வருகிறதா, உங்களிடமிருந்தா? உங்களிடமிருந்து என்றால், புத்தகம் அச்சாகும்போதே அவர்கள் லாபம் முடிந்துவிட்டது, அதை விற்க அவர்களுக்கு ஒரு அவசரமும் இல்லை.

எனக்குத் தெரிந்த ஒருவர் ஐநூறு பிரதி போட்டார். நானூற்றுச் சொச்சம் கட்டிலுக்கு அடியில் அட்டைப் பெட்டியில். கட்டில் ஆடாமல் நிற்கிறது என்று அவரே சிரிப்பார். காசு கொடுத்த பிறகும் வடிவமைத்த மூலக் கோப்பும் உரிமையும் உங்களிடம் வருமா என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் கிளம்பிவிடுங்கள்.

## வழி 4: தொடராக

இதை யாரும் ஒரு வழியாகவே நினைப்பதில்லை. உ.வே.சாமிநாதையர் தன் வாழ்க்கையை ஆனந்த விகடனில் தொடராக எழுதத் தொடங்கியபோது அது 1940, அவருக்கு 84 வயது. வாரா வாரம் எழுதித்தானே ஆக வேண்டும், எழுதினார். 1942 ஏப்ரலில் அவர் இறந்தபோது தொடர் நடந்துகொண்டிருந்தது, முடியவில்லை. ஆனால் நூறு அத்தியாயங்களுக்கு மேல் கையில் இருந்தது, 1950இல் அது புத்தகமானது. உட்கார்ந்து முழுப் புத்தகத்தையும் எழுதிவிட்டுத்தான் வெளியிடுவேன் என்று இருந்திருந்தால் நமக்கு எவ்வளவு கிடைத்திருக்கும் என்று தெரியாது.

பத்திரிகையோ இணையமோ, தொடரின் பலம் கெடு தேதி. இரண்டாவது பலம், நீங்கள் தப்பாக எழுதினால் அடுத்த வாரமே திருத்த ஆள் வரும்.

பலவீனமும் உண்டு. ஒவ்வொரு அத்தியாயமும் தனியாக நின்றாக வேண்டும் என்பதால் எல்லாமே ஒரு நகைச்சுவையில் அல்லது ஒரு கண்ணீரில் போய் முடியத் தொடங்கும். முப்பது அத்தியாயத்தை அப்படியே அடுக்கினால் அது புத்தகம் ஆகாது, திரும்ப எழுத வேண்டியிருக்கும், எனக்கு அதற்கு ஒரு வருஷம் ஆனது. இணையத்தில் முழுதாக வந்துவிட்ட ஒன்றைச் சில பதிப்பகங்கள் தொடுவதும் இல்லை. ஆரம்பிக்கவே முடியாமல் தவிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

## வழி 5: வீட்டுக்குள் ஒரு பதிப்பு

முப்பது, நாற்பது பிரதி. விற்பனை இல்லை, ஐஎஸ்பிஎன் வேண்டாம். ஆஃப்செட்டில் தகடு செய்யும் செலவு நூறு பிரதிக்கும் ஆயிரத்துக்கும் ஒன்றேதான், அதனால் இவ்வளவு குறைந்த எண்ணிக்கைக்கு டிஜிட்டல் அச்சுதான் கட்டுப்படியாகும்.

இதைப் பற்றிப் பேசும்போது எல்லாருக்கும் முகம் சுருங்கும், ஏதோ தோற்றவர்களின் வழி மாதிரி. உங்கள் முதல் கேள்விக்குப் பதில் "என் குடும்பம்" என்றால் இது முதல் பரிசு. புகைப்படங்களைத் தாராளமாகப் போடலாம், பெயர்களை மாற்ற வேண்டாம், அந்தப் பெரியப்பாவின் மாற்றல் பட்டியலும் இருக்கலாம். வெளியே போவதாக இருந்தாலும் இதை ஒரு படியாக வைத்துக்கொள்ளலாம்.

சிக்கல் ஒன்றுதான்: வீட்டுக்குள்தானே என்று எழுதியது வீட்டுக்குள்ளேயே நிற்காது. நாற்பது பிரதி நாற்பது வீட்டுக்குப் போகும்.

## ஒரே பார்வையில்

| | பதிப்பகம் | சொந்தமாக | காசு கொடுத்து | தொடர் | வீட்டுப் பதிப்பு |
|---|---|---|---|---|---|
| யாருக்கு | முன்பின் தெரியாதவர்களுக்கு | நீங்களே தேடிப் பிடிக்கும் வாசகர்களுக்கு | பெரும்பாலும் தெரிந்தவர்களுக்கு | வாராவாரம் வருகிறவர்களுக்கு | குடும்பத்துக்கு |
| பிடி | பாதிக்கும் குறைவு | முழுக்க | ஒப்பந்தத்தைப் பொறுத்து | பத்திரிகை என்றால் பாதி | முழுக்க |
| கைக்காசு | இல்லை | எடிட்டர், அட்டை | அதிகம் | இல்லை | கொஞ்சம் |
| காலம் | வருஷங்கள் | வாரங்கள் | மாதங்கள் | எழுதும் வேகம் | வாரங்கள் |
| முகத்துக்கு நேரே சொல்ல | எடிட்டர் | நீங்கள் அமர்த்தினால் உண்டு | அனேகமாக இல்லை | வாசகர்கள் | உறவினர்கள், அவர்கள் பாணியில் |

## எந்த வழியிலும் காத்திருக்கும் செலவுகள்

கடிதங்கள். அப்பா உங்களுக்கு எழுதிய கடிதத்தின் தாள் உங்களுடையது, அதிலுள்ள எழுத்தின் பதிப்புரிமை அப்பாவுடையது, அவருக்குப் பிறகு வாரிசுகளுடையது. அக்கா தங்கைகளைக் கேட்காமல் முழுதாக அச்சிடாதீர்கள். பாட்டு வரிகளும் இப்படித்தான். சின்ன வயதில் வானொலியில் கேட்ட பாட்டின் நாலு வரியைப் போடத் தோன்றும், கவிஞர் இறந்து குறைந்தது ஐம்பது வருஷமாவது ஆகாத வரை (பல நாடுகளில் எழுபது) அனுமதி வேண்டும். பாட்டின் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஸ்டுடியோவில் எடுத்த படம் என்றால் எடுத்தவருக்கும் அதில் உரிமை இருக்கலாம்.

அவதூறு விஷயத்தில் பெயரை மாற்றினால் போதும் என்று நினைப்பது தப்பு. படித்தவருக்கு ஆள் யார் என்று தெரிந்தால் பெயர் மாற்றியது உதவாது. இறந்தவரைப் பற்றி எழுதினால் வழக்கு வராது என்பது சில நாடுகளில் சரி, சில நாடுகளில் இல்லை. அடி, வன்முறை, பாலியல் தொந்தரவு பற்றி எழுதுகிறீர்கள் என்றால் எந்த வழியாக இருந்தாலும் ஒரு வழக்கறிஞரிடம் அந்த அத்தியாயத்தை மட்டுமாவது காட்டுங்கள்.

## யாருக்கு எது

கதையில் இருக்கிற பெரியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், அவர்கள் படிக்க வேண்டும் என்றால் யோசிக்காமல் வீட்டுப் பதிப்பு, இந்த வருஷமே. உங்கள் பால்யத்தில் உங்களைவிடப் பெரிய ஏதோ ஒன்று இருக்கிறது, காத்திருக்கப் பொறுமையும் இருக்கிறது என்றால் பதிப்பகம், ஆனால் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்பிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்காமல் அடுத்ததை எழுதுங்கள். ஏற்கெனவே சில நூறு பேர் உங்கள் எழுத்தைத் தேடிப் படிக்கிறார்கள் என்றால் சொந்தமாக. பாதியில் நிற்கிறது என்றால் தொடர். மூன்றாவது வழி, கையில் காசு இருந்து நேரமோ உடம்போ ஒத்துழைக்காதவர்களுக்கு மட்டும்.

நான் போனது நான்கு, ஒன்று, ஐந்து, இரண்டு என்ற வரிசையில். திரும்ப ஆரம்பித்தால் நான்கு, ஐந்து, இரண்டு என்று போவேன்.

அந்த ஐந்தாவது வழியில் நாற்பது பிரதி போட்டேன். ஒன்று மட்டும் தபாலில் திரும்பி வந்தது, அக்காவுக்கு அனுப்பியது. ஓரம் முழுக்கப் பென்சில். தாத்தாவின் ஊன்றுகோல் இடது கையில், மாடிப்படி ஒன்பது இல்லை பதினொன்று, இந்த மாதிரி. பூனை வரும் பக்கத்தில் வாளியையும் கயிற்றையும் வட்டம் போட்டு, பக்கத்தில் எழுதியிருந்தாள்: "அண்ணன் அன்னிக்கு ஊர்லயே இல்ல. கயிறு அறுத்தது என் கைடா."

வெளியே விற்பனைக்குப் போன பதிப்பில் அந்த மூன்று பக்கத்தையும் நான் மாற்றவில்லை. அவள் எழுதியதை அப்படியே, 'டா' உட்பட, அடிக்குறிப்பாகச் சேர்த்தேன்.